உடும்புக்கு என்ன தீனி

9.6.2024
தோட்டத்துச் சாளை,
பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே

என் அக்கா மாரியாத்தாளுக்கு,

தம்பி செங்கோட்டையன் எழுதுகிறேன். நானேதான் அக்கா! நான் சொல்ல யாரும் எழுதவில்லை, யாரும் என் கையைப் பிடிக்கவும் இல்லை. எழுபத்திரண்டு வயதில் எழுதுகிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது? மூட்டுவலிக்குத் தைலம் போடுகிறாயா? காது சுத்தமாகக் கேட்பதில்லை என்றார்கள். போனில் நான் கத்துவதும், நீ “ஆரு? ஆரு?” என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவதும் இனி வேண்டாம். என் இடுப்பில் பிளேட் வைத்ததிலிருந்து பஸ் ஏற முடியவில்லை. சிங்காநல்லூர் எனக்கு டெல்லி மாதிரி ஆகிவிட்டது. அதனால்தான் எழுதப் படித்தேன்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் முதியோர் வகுப்பு நடக்கிறது. டீச்சர் பேர் மௌனிகா. சின்னப் பெண். “அய்யா, உங்க எழுத்து கோலம் போட்ட மாதிரி இருக்குதுங்க” என்றாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். எதிரே வந்த பால்காரன் பயந்துவிட்டான்.

தினமும் கண்ணில் பட்டதை நோட்டில் ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கிறாள். என் கண்ணில் படுவது ஓர் உடும்பு. நம் தோட்டத்தில்தான் குடியிருக்கிறது. முதலில் கோழிமுட்டை திருடியது, தடியோடு விரட்டினேன். இப்போது விரட்டுவதில்லை. விரட்டிவிட்டால் மறுநாள் என்னத்தை எழுதுவது?

இந்தக் கடிதம் எழுத நாலு நாள் ஆயிற்று. மாப்பிள்ளை கிருபாசங்கரை உன் காதுப் பக்கம் உட்கார்ந்து படிக்கச் சொல்.

சுகத்தோடு இரு. நானும் அப்படியே இருக்கிறேன்.

உன் தம்பி
செங்கோட்டையன்


19.6.2024
சிங்காநல்லூர்

தம்பி செங்கோட்டையனுக்கு,

அக்கா சொல்லச் சொல்ல என் மகன் கிருபாசங்கர் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் இடுப்பைப் பார்த்துக்கொள். நீ எழுதியது கேட்டு ரொம்பச் சந்தோஷம். அந்த உடும்பைப் பற்றி விவரமாக எழுது. எவ்வளவு பெரிசு? என்ன தின்னும்? எப்போதும் ஒரே இடத்தில்தான் இருக்குமா? எந்த நேரத்தில் வெளியே வரும்? எனக்கு இங்கே பொழுதே போவதில்லை.

அன்புள்ள அக்கா

மாமா, நான் கிருபாசங்கர். அம்மா உங்க கடிதத்தை மூணு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாங்க. அடுத்தது எப்ப வரும்னு தபால்காரரைப் பார்த்துட்டு உக்காந்திருக்காங்க. சீக்கிரம் எழுதுங்க.


6.7.2024
தோட்டத்துச் சாளை

என் அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். சர்க்கரை எவ்வளவு என்று நீ எழுதவே இல்லை. நான் இங்கே கல்லு மாதிரி இருக்கிறேன். மூணு தடவை படிக்கச் சொன்னாயாமே! அந்த இடத்தை நான் ஆறு தடவை படித்தேன். டீச்சரிடமும் காட்டினேன்.

உடும்பு என்ன தின்னும் என்று கேட்டாய். என்ன தின்னாது என்று கேட்டிருந்தால் ஒரு வரியில் முடித்திருப்பேன். நோட்டைப் பார்த்து எழுதுகிறேன். திங்கட்கிழமை எருக்குழியை நகத்தால் பறித்தது. உள்ளே தென்னை வண்டின் புழு, என் கட்டைவிரல் தடிமன், வெள்ளை வெளேரென்று. ஒவ்வொன்றாகத் தூக்கி விழுங்கியது. பதினேழு எண்ணினேன். நம் தென்னங்குருத்தைக் குடைந்து சாய்க்குமே, அந்த வண்டின் குஞ்சுதான் அது. உரக்கடைக்காரர் டப்பா டப்பாவாக மருந்து கொடுத்துத் தீராதது இவன் பல்லில் தீர்கிறது. இவனைப் போய்த் தடியோடு விரட்டினேனே!

செவ்வாய்க்கிழமை வாய்க்காலில் நண்டு. ஓட்டோடு மென்றது, முறுக்குக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு ஒரு தேள், ஒரு பூரான், கல்லுக்கடியில் நத்தை. ஓணானைத் துரத்திப் பிடித்தது. எலிப் பொந்தில் தலையை விட்டுக் குஞ்சுகளைத் தின்றது. வேலியோரம் மயில் இட்ட முட்டையை ஓடு உடையாமல் வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தது, “ஏனுங், உங்களுக்கும் வேணுங்களா?” என்கிற மாதிரி. செத்த கோழி ஒன்றை வீசினேன். அதையும் விடவில்லை.

ஆனால் வெயில் இல்லாத நாளில் ஒன்றும் தின்னாது. மூட்டமாக இருந்த மூன்று நாளும் நோட்டில் “ஒன்றும் இல்லை” என்றுதான் எழுதியிருக்கிறேன். உடம்பு சூடேறினால்தான் அதற்கு இரை செரிக்கும் போலிருக்கிறது.

புற்று இருப்பது தெற்கு வேலியில், பெரிய கிழுவை மரத்தடியில். காலை ஒன்பதரைக்கு வெளியே வரும். பக்கத்துப் பாறையில் பதினொன்று வரைக்கும் அசையாமல் வெயில் காயும். உச்சி வெயிலில் மறுபடி புற்றுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். என் ஊன்றுகோலை விட ஒரு சாண் நீளம் கூடுதல். இவ்வளவும் உனக்காகப் பார்த்தது அக்கா. நீ கேட்பாய் என்பதால் எனக்கு இன்னும் நன்றாகத் தெரிகிறது.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தம்பி
செங்கோட்டையன்


20.8.2024
சிங்காநல்லூர்

தம்பிக்கு,

அக்கா சொல்ல கிருபாசங்கர் எழுதுவது. நான் சுகம். நீயும் சுகமாக இருப்பாய். வருகிற ஞாயிற்றுக்கிழமை கிருபாசங்கர் உன்னைப் பார்க்க வருகிறான். அந்த உடும்பு இருக்கிற இடத்தை அவனுக்குக் காட்டு. அவன் பார்த்துவிட்டு வந்து சொன்னால் நானே பார்த்த மாதிரி.

அன்புள்ள அக்கா


2.9.2024
தோட்டத்துச் சாளை

என் அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். உன் சுகத்தை மாப்பிள்ளை வாயால் கேட்டு மனம் குளிர்ந்தது. கூட வம்சி என்ற சிநேகிதரும் வந்திருந்தார். நேந்திரங்காய் வறுவல் ஒரு பெரிய பொட்டலம் வாங்கி வந்தார்கள். எனக்குப் பல் ஏது? கோழிகளுக்கும் கொஞ்சம் போட்டேன்.

“ஏனுங் மாமா, எங்கீங் உங்க பையன்?” என்று மாப்பிள்ளை சிரித்தார். நானே கோலை ஊன்றிக் கூட்டிக்கொண்டு போய்ப் புற்றைக் காட்டினேன். வம்சி போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு மூவரும் சாப்பிட்டோம். நான் சற்றுக் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்துப் பார்த்தால் கார் இல்லை. “வாரேனுங்க” என்று சொல்லாமல் போகிற பிள்ளை இல்லை அவர். என்னை எழுப்ப வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

அன்றிலிருந்து உடும்பைக் காணவில்லை. எட்டு நாளாக நோட்டில் “ஒன்றும் இல்லை”. வெயில் நன்றாகத்தான் அடிக்கிறது. புற்றின் வாய் சரிந்து கிடக்கிறது. கடப்பாரை பட்ட மாதிரி இருக்கிறது. கீரி பறித்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். கீரி பறித்தால் மண் இவ்வளவு பெரிய கட்டியாக விழாது. இருந்தாலும் கீரி என்றே நினைத்துக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை வந்து உன்னிடம் என்ன சொன்னார் என்று எழுதச் சொல்.

உன் தம்பி
செங்கோட்டையன்


14.10.2024
சிங்காநல்லூர்

தம்பிக்கு,

அக்கா சொல்ல கிருபாசங்கர் எழுதுவது. பதில் எழுதத் தாமதம் ஆகிவிட்டது, இங்கே வேலை அதிகம். எல்லோரும் சுகம். டிவியில் ஒரு நிகழ்ச்சி பார்த்தேன். கூண்டில் வளர்க்கிற உடும்பு ஒரு மாதமாகச் சரியாக இரை எடுக்கவில்லையாம். பிராய்லர் கறி வைத்தாலும் தொடுவதில்லையாம். முட்டை வைத்தால் ஒருநாள் நக்குகிறது, நாலு நாள் விட்டுவிடுகிறது. அப்படி இருந்தால் என்ன கொடுக்க வேண்டும்? உனக்குத் தெரியுமே. இந்த வாரமே எழுது.

நம் அப்பன் உடும்பு பிடித்து வந்து ஆக்கிப் போட்ட கறியை நாம் இரண்டு பேரும் வட்டிலை நக்கித் தின்றோமே, அது ஞாபகம் வருகிறது.

அன்புள்ள அக்கா


21.10.2024
தோட்டத்துச் சாளை

நந்திதா கண்ணுக்கு,

உன் அப்பத்தாளின் தம்பி செங்கோட்டையன் தாத்தா எழுதுவது. ஈரோட்டில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? படிப்பு எப்படிப் போகிறது? போன வருஷம் தீபாவளிக்கு நீ அனுப்பிய வாழ்த்து அட்டையின் உறையை வைத்திருந்தேன். அப்போது படிக்கத் தெரியாது. நேற்று எடுத்து உன் விலாசத்தை நானே படித்தேன்.

கண்ணு, நான் உன் அப்பத்தாளுக்கு ஜூன் மாதத்திலிருந்து கடிதம் எழுதுகிறேன். அவள் சொன்னதாக உன் அப்பா பதில் எழுதுகிறார். கடைசியாக வந்ததில், நாங்கள் இருவரும் உடும்புக் கறியை நக்கித் தின்றதாக அவள் சொல்லியிருக்கிறாள். உன் அப்பத்தா அந்தக் கறியை ஒரு நாளும் தொட்டதில்லை. எங்கள் அப்பன் ஓர் உடும்பை உயிரோடு பிடித்துத் தூணில் கட்டியிருந்தார். அக்கா அதை அவிழ்த்துவிட்டுச் சோளத்தட்டுப் போருக்குள் போய் ஒளிந்துகொண்டாள். அன்று அவள் வாங்கிய அடியை நான் கண்ணால் பார்த்தேன். அவளுக்கு அது மறக்காது.

தீபாவளிக்கு வீட்டுக்குப் போவாய் அல்லவா? என் கடிதங்களை அவள் கேட்டாளா என்று அவள் காதில் கேள். வீட்டிலோ உன் அப்பாவின் பட்டறையிலோ ஏதாவது கூண்டு இருக்கிறதா என்றும் பார். நான் நினைப்பது தப்பாக இருந்தால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை. உன் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன்.

பட்டாசு வெடிக்கும்போது பத்திரம் அம்மணி.

உன் தாத்தா


3.11.2024
ஈரோடு

தாத்தாவுக்கு நந்திதா,

வணக்கமுங்க தாத்தா. நான் நல்லா இருக்கேன். நீங்க எழுதினதைப் பார்த்து விடுதியில எல்லார்கிட்டயும் காட்டினேன். உங்க கால், இடுப்பெல்லாம் பரவாயில்லீங்களா?

வீட்டுக்குப் போனதும் அப்பத்தா காதுல வாயை வச்சுக் கேட்டேன். “செங்கோட்டையன் எழுதறானா? ஆரு சொன்னா? அவனுக்குக் கையெழுத்தே வராதே”ன்னாங்க. அஞ்சு மாசத்துல ஒரு கடிதமும் அவங்களுக்குப் படிச்சுக் காட்டலீங்க தாத்தா. “கீழ விழுந்ததுலிருந்து என்னை மறந்துபோட்டான்”னு உங்க மேல வருத்தத்துல இருக்காங்க. நீங்க எழுதறீங்கன்னு சொன்னேன். நான் சும்மா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைக்கிறாங்க.

கூண்டு இருக்குதுங்க. பட்டறைக்குப் பின்னாடி, லேத் மெஷினுக்கும் சுவத்துக்கும் நடுவுல, வெயிலே படாத இடம். உள்ள உடும்பு சுருண்டு கிடக்குது. மூக்கைக் கம்பியில இடிச்சு இடிச்சுப் புண்ணாகியிருக்கு. பக்கத்துல கோழிக்கறி அழுகி ஈ மொய்க்குது. அப்பாவுக்கு ஆர்டர் தர்ற முதலாளி தை மாசம் பண்ணைவீடு குடிபோறார். அவருக்கு இந்த மாதிரி பிராணி வளர்க்க ஆசையாம். அவருக்குப் பரிசாக் குடுக்கறதுக்காம். நான் சண்டை போட்டேன். “அந்தாளு மனசு குளிர்ந்தா நம்ம பட்டறை ஓடும். காலேஜ் போற நீ எனக்குப் பாடம் எடுக்காதே”ன்னுட்டார்.

அப்பா மேஜை டிராயர்ல உங்க கடிதமெல்லாம் இருந்துச்சுங்க. “ஒன்பதரை”, “கிழுவை மரத்தடி”, “அசையாமல்” இந்த வார்த்தைக்கு அடியில மட்டும் சிவப்புக் கோடு. எடுக்கறதுக்குள்ள அப்பா வந்து பூட்டிட்டார்.

உடும்பு விஷயத்தை அப்பத்தாகிட்டச் சொல்லலீங்க. எனக்குத் தைரியம் வரலை. மன்னிச்சுக்கங்க.

நந்திதா


8.11.2024
தோட்டத்துச் சாளை

மாப்பிள்ளை கிருபாசங்கருக்கு,

மாமன் எழுதுவது. நீங்களும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

கூண்டில் இருக்கிற உடும்புக்கு என்ன தீனி என்று கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். முதலில் தீனியே வேண்டாம். கூண்டைத் தூக்கி வெயிலில் வையுங்கள். பாதி வெயில், பாதி நிழல். உடம்பு குளிர்ந்து கிடக்கும்போது விழுங்கினால் வயிற்றுக்குள்ளேயே அழுகும், அதற்கு அது தெரியும், அதனால்தான் தொடுவதில்லை. அகலமான சட்டியில் தண்ணீர் வையுங்கள், தானே இறங்கிக் கிடக்கும். இரண்டு நாள் கழித்துக் கோழிமுட்டை ஒன்று. பிறகு எருக்குழிப் புழு, வெட்டுக்கிளி, நண்டு. எலும்பில்லாத பிராய்லர் சதையை மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் கொழுக்கும், கால் வலுவிழக்கும். எலி கொடுத்தால் முழுசாகக் கொடுங்கள்.

இவ்வளவும் சொன்னது அது உயிரோடு இங்கே திரும்பி வர வேண்டும் என்பதற்காக. பத்து நாளைக்குள் கொண்டுவந்து விடுங்கள். நான் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்.

இன்னொன்று. அக்கா மூன்று தடவை கேட்டதாக எழுதினீர்களே, அதை மட்டும் எழுதாமல் இருந்திருக்கலாம்.

செங்கோட்டையன்


14.11.2024

மாமாவுக்கு,

வணக்கமுங்க. உடம்பைப் பார்த்துக்கங்க. தெரிஞ்ச வக்கீல்கிட்டக் கேட்டுட்டுத்தான் எழுதறேன். இடம் காட்டினது நீங்க. நேரம் சொன்னது நீங்க. எல்லாம் தேதி போட்டு உங்க கையெழுத்துலயே என்கிட்ட இருக்கு. நாளைக்குப் பேச்சு வந்தா உங்க தோட்டத்துல பிடிச்சது, நீங்க சொல்லிப் பிடிச்சதுன்னுதான் வரும். உடும்புன்னா சாதாரணக் கேஸ் இல்லை, ஜாமீனுக்கே அலையணும். இந்த இடுப்பை வச்சுக்கிட்டு உங்களுக்கு எதுக்குங் மாமா? புதுசா எழுதப் பழகினவர் முருகா முருகான்னு எழுதிட்டு இருக்கலாமே.

அம்மாகிட்டப் போய்ச் சொன்னா, அவங்க பிரஷருக்கு நான் பொறுப்பில்லீங்க. வெயில்ல வச்சேன், நேத்து ரெண்டு முட்டை குடிச்சுது. அந்த யோசனைக்கு நன்றி. படிச்சதும் இதை அடுப்புல போட்டுடுங்க. அதனாலதான் கீழ பேர் போடலை.


19.11.2024
தோட்டத்துச் சாளை,
பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே

வனச்சரக அலுவலர் அய்யா அவர்களுக்கு,

செங்கோட்டையன் வணக்கத்தோடு எழுதுவது. அய்யாவும் குடும்பமும் சுகமாக இருக்க வேண்டும். அதிகாரிக்கு எழுதும்போது சுகம் விசாரிக்கத் தேவையில்லை என்று எங்கள் டீச்சர் சொன்னாள். எனக்கு மனம் கேட்கவில்லை.

என் தோட்டத்தில் இருந்த ஓர் உடும்பை ஆகஸ்ட் 25ஆம் தேதி என் அக்கா மகன் கிருபாசங்கரும் அவர் சிநேகிதரும் புற்றை இடித்துப் பிடித்துப் போனார்கள். சிங்காநல்லூரில் அவர் பட்டறைக்குப் பின்னால் கூண்டில் இருக்கிறது. விலாசம் மறுபக்கம் எழுதியிருக்கிறேன். தை மாதம் வேறு ஒருவர் கைக்குப் போய்விடும்.

அவருடைய மேஜையில் என் கடிதங்கள் இருக்கும். அவை நான் எழுதியவை. உடும்பு எங்கே இருக்கும், எப்போது வரும் என்று நான்தான் சொன்னேன். கேட்டது என் அக்கா என்று நம்பிச் சொன்னேன். அது குற்றம் என்றால் என் பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கையெழுத்தை ஒத்துப் பார்க்க இந்தக் கடிதத்தையே வைத்துக்கொள்ளலாம். அடுப்பில் போடச் சொன்ன கடிதம் ஒன்றையும் இதோடு வைத்திருக்கிறேன்.

சீக்கிரம் போங்கள் அய்யா. எடுத்தவுடனே இரை வைத்து அதைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

இப்படிக்கு
செங்கோட்டையன்


20.1.2025
தோட்டத்துச் சாளை

என் அக்காவுக்கு,

தம்பி செங்கோட்டையன் எழுதுகிறேன். இதை நந்திதாவின் விடுதிக்கு அனுப்பியிருக்கிறேன், அவள்தான் வந்து உன் காதில் படிக்கிறாள். உன் பிரஷர் எப்படி இருக்கிறது? படிக்கும்போது நெஞ்சு படபடத்தால் நிறுத்தச் சொல். மீதியை நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம். எனக்கு ஒன்றுமில்லை. நடக்கிறேன்.

கிருபாசங்கரைக் காட்டிக்கொடுத்தது நான். அவர் உன்னிடம் சொல்லியிருப்பார். என் வாயாலும் நீ கேட்க வேண்டும். உன் வீட்டு வாசலில் அத்தனை பேர் பார்க்க ஜீப் வந்து நின்றது என்று நந்திதா எழுதினாள். பதினெட்டு நாள் அவர் உள்ளே இருந்தார். அந்தப் பதினெட்டு நாளும் நீ என்ன சாப்பிட்டாய் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

என்னையும் விசாரித்தார்கள். டீச்சர் கூட வந்தாள். சாட்சி என்று எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். உடும்பை டாக்டர் மூன்று வாரம் வைத்துப் பார்த்தார். மூக்குப் புண் ஆறியது. கடைசி வாரம் நண்டும் புழுவும் தின்றதாம். பிறகு மலைக்குள் எங்கேயோ கொண்டுபோய் விட்டார்கள். எங்கே என்று நான் கேட்டேன். வனச்சரக அய்யா சிரித்துவிட்டு, “உங்ககிட்டச் சொல்ல மாட்டேனுங்க பெரியவரே” என்றார். நான் கோபப்படவில்லை. நியாயம்தானே.

நான் உனக்கு எழுதிய கடிதங்களைக் கேட்டுப் பார்த்தேன். தர மாட்டார்களாம். கோர்ட்டில் இருக்கின்றனவாம். அதிகாரி படித்தார், வக்கீல்கள் படித்தார்கள், ஜட்ஜ் அம்மா படித்தார்கள். உனக்குத் தெரியட்டும் என்று எழுதியது அத்தனையும் ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நீ ஒருத்திதான் கேட்கவில்லை. உன் மகன் உடும்பைப் பிடித்ததை நான் ஒருநாள் மறந்தாலும் மறப்பேன். நீ தபால்காரரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக எழுதினாரே, அதை நம்பி நான் ஒவ்வொரு நாளும் எழுதுகோலை எடுத்தேன். அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பொங்கலுக்கு உன்னிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. வராது என்று தெரிந்தும் வாசலில் இருந்தேன். உனக்கு என்மேல் கோபம் இருக்கும். இருக்கட்டும். ஆனால் அது உன் கோபமாகவே வர வேண்டும். பதில் போடுவதானால் யார் எழுதினாலும் சரி, கீழே உன் கட்டைவிரலை மையில் தொட்டு வை. அது இல்லாமல் வருகிற எதையும் உன் கடிதம் என்று இனி நான் எடுத்துக்கொள்ள மாட்டேன், நந்திதா எழுதினாலும்கூட. சொல்ல ஒன்றுமில்லை என்றால் வெறும் தாளில் விரலை மட்டும் வைத்து அனுப்பு.

உள்ளே இன்னொரு உறை வைத்திருக்கிறேன். தபால்தலை ஒட்டி, என் விலாசத்தை நானே எழுதியிருக்கிறேன்.

உன் தம்பி
செங்கோட்டையன்